வீட்டுக்குள்ளிருந்து எழுந்த குரல்: பெரோஸ் காந்தி

போடியிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் மலைப்பாதை போடிமெட்டில் சோதனைச் சாவடியை அடைகிறது. வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆயினும் ஒரு மூட்டையின் அடியில் இருப்பது என்னவென்று அதைக் கட்டியவன் அறிந்த அளவுக்குச் சாவடிக்காரர் அறிய முடியாது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் மோசடியும் அத்தகையதே. உள்ளிருக்கும் ஒருவர் வாய் திறந்தாலன்றி அது வெளிச்சத்துக்கு வருவது அரிது. அவ்வாறு வாய் திறந்தவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர் பெரோஸ் காந்தி அவர்கள்.

1912-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கப்பல் பொறியாளர். அலகாபாத்தில் மருத்துவரான உறவினர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்தார். 1930-இல் தாம் பயின்ற கல்லூரியின் வாயிலில் மறியல் செய்த கமலா நேரு வெயிலில் மயங்கி விழ, ஓடிவந்து உதவினார். அதன்பின் படிப்பை விட்டுப் போராட்டத்தில் குதித்துச் சிறை சென்றார். பின்னர் லண்டனிலும் பயின்றார். 1942-இல் இந்திரா அவர்களை மணந்தார். மகாத்மா காந்தியோடு அவருக்கு இரத்த உறவு ஏதுமில்லை.

1952-இல் ரேபரேலித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆளும் கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். வாய் மூடியிருந்தாலே வாழ்வு வளமாக இருந்திருக்கும். அவரோ 1955 டிசம்பரில் எழுந்து, தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மக்கள் பணம் எவ்வாறு கையாடப்பட்டது என்பதைக் கணக்கோடு எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. 1956 செப்டம்பர் 1-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது.

அரசின் கைக்கு வந்தால் பணம் பத்திரம் என்று மக்கள் நம்பினர். ஆனால் 1957 ஜூனில், அந்தக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக்கூடக் கலந்துகொள்ளவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் ஆதாரங்களை அடுக்கிக் கேள்வி எழுப்பினார். அவர் குற்றம் சாட்டியது மாமனாரின் அரசாங்கத்தை!

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. மக்கள் முன்னிலையில் பகிரங்கமாக நடந்த அவ்விசாரணை சில வாரங்களிலேயே முடிந்தது. அதன் விளைவாக, நம் தமிழகத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். முந்த்ரா சிறை சென்றார்.

பெரோஸ் காந்தி பெற்ற பரிசு என்ன? அமைச்சர் பதவி அவரைத் தேடி வரவில்லை. மாமனாரோடு மனக்கசப்பு வளர்ந்தது. 1960 செப்டம்பர் 8-இல், நாற்பத்தெட்டு வயது நிறைய நான்கு நாட்கள் இருக்கையில், மாரடைப்பால் மறைந்தார்.

அவர் குரல் கொடுத்ததோடு நிற்கவில்லை, கேடயமும் செய்தார். நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பேசப் பாதுகாப்பு உண்டு. அப்பேச்சை அச்சிடும் பத்திரிகைக்கு அன்று இல்லை. அக்குறையைப் போக்க அவர் கொணர்ந்த தனிநபர் மசோதா 1956-இல் சட்டமாயிற்று. விதியின் விளையாட்டைப் பாருங்கள்! நெருக்கடி நிலைக் காலத்தில் அவருடைய மனைவியின் அரசாங்கமே அச்சட்டத்தை நீக்கியது. 1977-இல் அது மீண்டும் உயிர் பெற்றது. மறு ஆண்டே அரசியலமைப்பிலும் அப்பாதுகாப்பு இடம்பெற்றது.

ஆனால் மக்களவையில் இடமில்லாத சாதாரண ஊழியருக்கு யார் துணை? அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின்போது படைக்குச் சரக்கு அளித்தவர்கள் அரசை ஏமாற்றினர். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், மோசடியை அறிந்த குடிமகனே அரசின் பெயரால் வழக்குத் தொடுக்கலாம் என்றது. மீட்கப்படும் பணத்தில் அவருக்கும் பங்கு உண்டு; இன்றும் அச்சட்டம் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலோ, நெடுஞ்சாலைப் பணியின் ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டும், பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் ஏட்டிலேயே கிடந்தது.

ஏலத்தோட்டத்தில் நாள் முழுதும் பழம் பறிக்கும் தாய், கூலியில் மிச்சம் பிடித்து ஒரு பாலிசிக்குப் பணம் கட்டுகிறாள். அவள் முந்த்ராவை அறியாள், சாக்ளாவையும் அறியாள். அவள் பணத்துக்காக டில்லியில் ஒருவர் தம் சொந்த வீட்டையே பகைத்துக்கொண்டார் என்பதையும் அறியாள். நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் கணக்கெழுதும் மேசைகளில் அமரப் போகிறோம். மூட்டையின் அடியில் இருப்பது நம் கண்ணிலும் படும். அன்று பெரோஸ் காந்தி நம் நினைவுக்கு வருவாராக!