ரயிலா, படகா? வாய்க்காலுக்காகக் கடைசி வரை வாதாடிய ஆர்தர் காட்டன்... முத்துப்பேட்டைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போறவங்க கோரையாற்றில்தான் படகு ஏறுவாங்க. அந்த ஆற்றுக்கு வரும் காவிரித் தண்ணீர் முக்கொம்பு, கல்லணை, வெண்ணாறு, நீடாமங்கலம் எனப் பல இடங்களில் பிரிந்து வருகிறது. இதில் முதல் இடமான முக்கொம்பில் அணை கட்டியவர் ஓர் ஆங்கிலேய இன்ஜினியர். அவர்தான் சர் ஆர்தர் காட்டன். யார் இவர்?

18 வயதில் சென்னைக்கு!

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், ராணுவப் பொறியாளராக 1821-ல் சென்னைக்கு வந்தார். ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, பாம்பன் கால்வாயில் கப்பல் போக வழி இருக்கிறதா என்று ஆய்வு செய்வது.

அடுத்து காவிரி. அப்போது டெல்டாவில் பெரிய சிக்கல். காவிரி மணல் மேடிட்டுக் கிடந்தது. கொள்ளிடமோ தாழ்வானது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. தஞ்சை வயல்கள் காய்ந்தன.

காட்டன் கல்லணையை ஆராய்ந்தார். ஆழமான மணலில் இவ்வளவு பெரிய அணை எப்படி நிற்கிறது என்ற பாடத்தை நம்ம முன்னோரிடம்தான் படித்தார். அதை வைத்து 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை என இரண்டைக் கட்டி முடித்தார். இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது இந்தக் கீழணையில் இருந்துதான்.

ஒரே வாய்க்கால், 2 வேலை!

1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணை. அங்கே பாசன வாய்க்கால்களையே படகுப் பாதையாகவும் அமைத்தார். வயலுக்குத் தண்ணீர் விட்ட அதே வாய்க்காலில் நெல் மூட்டைகள் காக்கிநாடா வரை போயின.

காட்டனின் கணக்கு சிம்பிள். ரயில் தானியத்தைச் சுமக்கும், விளைவிக்காது. வாய்க்கால் இரண்டையும் செய்யும், செலவும் குறைவு. இந்தியாவின் பெரிய ஆறுகளைப் படகுக் கால்வாய்களால் இணைக்க வேண்டும் என்றார். ஆனா அரசின் பணம் ரயில் பக்கமே போனது. ரயில் கம்பெனிகளுக்கு 5 சதவீத வருமானத்துக்கு அரசே உத்தரவாதம் தந்தது. இன்னொரு பக்கம், துங்கபத்ராவில் தனியார் கம்பெனி வெட்டிய கர்னூல் - கடப்பா கால்வாய் நஷ்டத்தில் மூழ்கியது. எதிர்ப்பாளர்களுக்கு அது வசதியாகப் போச்சு.

பஞ்சமும் தோல்வியும்

1876-78 பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். பட்டினியில் வாடியவர்களை வைத்தே சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. கால்வாய் வெட்டப்பட்டது. அதுதான் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி. 1878-ல், 75 வயதில், காட்டன் லண்டன் நாடாளுமன்றக் குழு முன் தன் திட்டத்துக்காக வாதாடினார். குழு அதை ஏற்கவில்லை.

பக்கிங்காம் கால்வாய் தெற்கே மரக்காணத்தோடு நின்றுவிட்டது. டெல்டாவை எட்டவே இல்லை. மாறாக 1894-ல் மயிலாடுதுறையில் இருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் வந்தது. 1899 ஜூலை 24-ல், 96 வயதில் காட்டன் காலமானார்.

இன்றும் தொடரும் கேள்வி

கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகள் உண்டு. அவர் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டில் 9 மதகுகள் உடைந்தபோதுதான், அது 182 வருஷம் தாங்கிய அணை என்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது.

படகா, ரயிலா போட்டியில் ரயில் ஜெயித்தது. ஆனா மேட்டூர் திறக்கும் ஒவ்வொரு ஆண்டும் முத்துப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் கேட்பது ரயிலைப் பற்றி இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்துச்சா? அவ்வளவுதான்.