லூ சுன்: சீனத்தின் நோயைக் கண்ட எழுத்தாளர்

சென்ற நூற்றாண்டில் சீன மக்களின் மனத்தை உலுக்கி எழுப்பிய எழுத்தாளர்களுள் லூ சுன் முதல்வர். அவர் பௌத்தராக வாழ்ந்தவர் என்று நாம் சொல்ல முன்வரவில்லை. எனினும் தம்மத்தை ஏற்றுப் புதுவாழ்வு தொடங்கிய நமக்கு அவருடைய சரித்திரம் பெரிதும் பயன்படும் என்று கருதி அதனைச் சுருக்கமாக இங்கே தருகின்றோம்.

1881ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் செகியாங் மாகாணத்துச் ஷாவ்ஷிங் நகரில் அவர் பிறந்தார். இயற்பெயர் சௌ ஷுரென். மூத்த பிள்ளையைத் தீய ஆவிகள் கொண்டுபோய்விடுமென்று அஞ்சிய குடும்பத்தார், ஓராண்டு நிறையுமுன்பே அருகிலிருந்த விகாரையில் ஒரு பிக்ஷுவிடம் குழந்தையைப் பெயரளவிற்குச் சீடனாக ஒப்புவித்தனர். வாழ்வின் கடைசி ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் அந்த முதல் குருவை அவர் அன்போடு நினைவுகூர்ந்தார்.

செல்வமும் கல்வியும் நிறைந்திருந்த அக்குடும்பம் விரைவில் நிலைகுலைந்தது. 1893இல் பாட்டனார் பரீட்சை லஞ்ச வழக்கில் சிறைப்பட்டார், தந்தையார் நோயுற்றார். சிறுவர் அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்குமாக ஆண்டுக்கணக்கில் நடந்தார். ஒரே வளையில் வாழ்ந்த சிள்வண்டு ஜோடி, மூன்றாண்டு உறைபனி கண்ட கரும்பு என்று வைத்தியர்கள் கேட்டவையெல்லாம் தேடிக் கொணர்ந்தும், 1896இல் தந்தையார் மாண்டார். அறியாமைக்குச் சாஸ்திரம் என்று பெயரிட்டுக் கூலி வாங்குவோர்மீது அவருக்கிருந்த வெறுப்பின் வேர் இங்கேதான் உள்ளது.

1898இல் நான்கிங் சென்று புதிய கல்வி பயின்று, 1902இல் அரசாங்க உதவிபெற்று ஜப்பான் சென்றார். தந்தையைப்போல் வஞ்சிக்கப்படுவோரைக் காக்க வேண்டுமென்று 1904இல் செண்டாய் நகர மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் ரஷ்ய ஜப்பானிய யுத்தப் படங்களைத் திரையில் காட்டினார்கள். ஒற்றனென்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு சீனன் தலை வெட்டப்படவிருக்கிறான். சுற்றிலும் திடகாத்திரமான சீனர் பலர் வேடிக்கை பார்த்து நிற்கின்றனர். உடல் நலம் பெற்றும் உள்ளம் மரத்துப்போன மக்களுக்கு மருந்தால் ஆவதென்ன என்று அவர் சிந்தித்தார். 1906இல் மருத்துவத்தை விட்டு இலக்கியத்தைத் தொண்டாக ஏற்றார்.

1912இல் குடியரசின் கல்வி இலாகாவில் அமர்ந்து பீகிங் சென்றார். புரட்சி வந்தும் மக்கள் வாழ்வு மாறாதது கண்டு மனஞ்சோர்ந்த அந்நாட்களில், பழைய கல்வெட்டுகளைப் படியெடுப்பதிலும் பௌத்த சூத்திரங்களைக் கற்பதிலும் ஈடுபட்டார். 1914இல் மிகுதியான பௌத்த நூல்களை வாங்கினார். தம் தாயாரின் அறுபதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, 60 வெள்ளி நாணயம் செலுத்தி, நூறு உவமைச் சூத்திரம் என்னும் நூலை 100 பிரதிகள் அச்சிடுவித்தார். இந்தியப் பிக்ஷுவான சங்கசேனர் தொகுத்ததும், அவர் சீடர் குணவிருத்தி 492ஆம் ஆண்டு சீனத்தில் மொழிபெயர்த்ததுமாகும் அந்நூல். அதை அச்சிட்ட நான்கிங் பௌத்த அச்சகத்தை 1866இல் நிறுவிய யாங் வென்ஹுவி, 1893இல் ஷாங்காயில் அநகாரிக தர்மபாலரைச் சந்தித்தவர். நம் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டது அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின்னராகும்.

1918 மே மாதம் புதிய இளைஞர் பத்திரிகையில் ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு வெளிவந்தது. லூ சுன் என்ற புனைபெயர் அதில்தான் முதன்முதல் தோன்றியது. அறமும் ஒழுக்கமும் பேசும் பழஞ்சரித்திரத்தின் வரிகளுக்கிடையே மனிதன் மனிதனைத் தின்பதை அக்கதையின் நாயகன் காண்கிறான். 1921இல் தொடங்கிய ஆ கியூவின் கதை, அடிபட்டும் தன்னைத்தானே வென்றவனாக எண்ணி மகிழும் அடிமை மனத்தைக் காட்டிற்று.

1924இல் எழுதிய புத்தாண்டுப் பலி என்னும் கதையை நம்மவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். இருமுறை விதவையான ஓர் ஏழை வேலைக்காரி தீட்டுடையவளென்று கருதப்பட்டு, எஜமானர் வீட்டுப் பூஜைப் பாத்திரங்களைத் தொடக்கூடாதென்று விலக்கப்படுகிறாள். எமலோகத்தில் இரு கணவரும் அவளைப் பங்கிட்டுக்கொள்ள, உடல் இரண்டாக அறுக்கப்படும் என்று ஒருத்தி அச்சுறுத்துகிறாள். அதற்குப் பரிகாரமாக, தன் உடலுக்குப் பதில் பலரும் மிதிக்கும்படி, ஓராண்டுக் கூலியான 12 வெள்ளியைக் கொடுத்துக் கோயிலுக்கு ஒரு வாயிற்படி வாங்கி வைக்கிறாள். பாவம் தீர்ந்ததென்று மகிழ்ந்து பாத்திரத்தைத் தொட நெருங்கினால், எஜமானி மீண்டும் தடுக்கிறாள். அந்த நொடியில் அவள் மனம் முறிகிறது. கடைசியில் பிச்சைக்காரியாய்த் தெருவில் மடிகிறாள். தீட்டென்று சொல்லி ஒதுக்கப்பட்ட நமக்கு இக்கதைக்கு உரை வேண்டுவதில்லை.

பௌத்தரையும் அவர் கண்டிக்காமல் விடவில்லை. துறவும் கடுமுயற்சியும் உடைய ஆதி நெறியே மெய்ப் பௌத்தமென்றும், எளிதாகப் பின்பற்றத்தக்கதாய்ப் பரவப்பரவ அது நீர்த்துப்போயிற்றென்றும் 1927இல் எழுதினார். இக்கூற்று மகாயானத்திற்கு முழு நியாயம் செய்யவில்லை என்று நாம் எண்ணினும், அதிலுள்ள எச்சரிக்கையைத் தள்ளுதல் தகாது.

1927 முதல் ஷாங்காயில் வாழ்ந்து, 1930இல் இடதுசாரி எழுத்தாளர் சங்கத்தில் முன்னின்று, அடக்குமுறைக்கிடையே பல புனைபெயர்களில் எழுதிக் குவித்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்குமுன், தமக்கு ஆடம்பரச் சடங்கு வேண்டாமென்று எழுதினார்; பகைவரைத் தாம் மன்னிக்கப்போவதில்லை என்றும் எழுதினார். பின்னதில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. பகையைக் கைவிடுவதே நம் போதகர் காட்டிய வழி. 1936 அக்டோபர் 19ஆம் நாள், காசநோயால் நெடுநாள் நலிந்திருந்த அவர் 55ஆம் வயதில் காலமானார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் அவர் உடல் ஹோங்கௌ பூங்காவில் மறு அடக்கம் செய்யப்பட்டது. பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தம்ம தீட்சை ஏற்றதும் அதே நாள்தான்.

அவர் அச்சிடுவித்த நூலில் ஓர் உவமையுண்டு. அயலான் வீட்டின் மூன்றாம் மாடியைக் கண்டு வியந்த செல்வன் ஒருவன், கீழிரண்டு மாடிகளும் வேண்டாம், மூன்றாவதை மட்டும் கட்டித் தருகவெனத் தச்சனை ஏவினான். தீட்சை நாள் அளிக்கும் பெருமையை மட்டும் விரும்பி, பஞ்சசீலத்தையும் கல்வியையும் நாடாமல், பழைய அச்சங்களையும் உட்பிரிவுகளையும் வீட்டினுள் வைத்துக்கொண்டிருப்போமாயின், நாமும் அச்செல்வனேயாவோம். பரிகாரப் படியை விலைக்கு வாங்கும் மனம் நம் இல்லங்களில் இன்னும் எஞ்சியுள்ளதா என்பதை ஒவ்வொருவரும் சோதித்தறிவோமாக.