பேறுகால வலியைத் தணித்த பெருந்தகை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் ஊர்ப் பழமொழி. பிறர் வலியையும் தம் வலியாக உணர்ந்து, அதைத் தணிக்க முனைந்தவர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜேம்ஸ் யங் சிம்சன்.

ஸ்காத்லாந்து நாட்டில் பாத்கேட் என்னும் சிற்றூரில், ரொட்டி சுட்டு விற்ற எளிய குடும்பத்தில், 1811ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஏழாவது ஆண்மகவாகத் தோன்றினார். குடும்பத்தார் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில், பதினான்காம் வயதிலேயே எடின்பரோப் பல்கலைக் கழகம் புகுந்தார். நம்மைப் போலவே வீட்டை விட்டு வந்து படித்த மாணவர் அவர்.

அந்நாளில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கிடையாது. ஒருநாள், மலைநாட்டுப் பெண் ஒருத்தியின் மார்பில் புகழ் பெற்ற லிஸ்டன் என்பார் கத்தி வைத்ததைச் சிம்சன் கண்டார். அவள் பட்ட வேதனையைக் காணப் பொறாமல் வெளியே ஓடினார். மருத்துவமே வேண்டாம், வழக்கறிஞரிடம் எழுத்தராகிப் பிழைத்துக் கொள்வோம் என்று எண்ணினார். ஆனால் வலியைக் கண்டு ஓடுவதா, வலியையே ஓட்டுவதா என்ற கேள்வி அவர் உள்ளத்தை விடவில்லை. திரும்பி வந்தார். 1840இல், இருபத்தெட்டே வயதில், மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானார்.

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியின்றி அறுவை செய்து காட்டினர். அடுத்த ஜனவரியிலேயே சிம்சன் அதைப் பேறுகாலத்தில் பயன்படுத்தினார். ஆயினும் ஈதரின் நெடி தொண்டையை உறுத்தியது. மருந்தும் மிகுதியாகத் தேவைப்பட்டது. வேறொன்றைத் தேடினார். இரவு உணவுக்குப்பின் நண்பர் இருவருடன் அமர்ந்து, பலவகை ஆவிகளைத் தாமே முகர்ந்து பார்த்தார். 1847 நவம்பர் 4ஆம் நாள் இரவு குளோரோபாரத்தின் முறை வந்தது. சிறிது நேரத்தில் மூவரும் மேசையடியில் விழுந்து கிடந்தனர்! கண் விழித்ததும், தேடியது கிடைத்ததெனச் சிம்சன் அறிந்தார்.

அம்மருந்தைச் சோதித்துப் பார்க்கும்படி கூறியவர் டேவிட் வால்டி என்னும் வேதியியலார். அவரே 1853இல் நாம் படிக்கும் இக்கொல்கத்தாவுக்கு வந்து, இரசாயனத் தொழில் நடத்தி, 1889இல் இங்கேயே மறைந்தார். சிம்சன் தம் நூலின் அடிக்குறிப்பில் மட்டுமே அவரை நினைவுகூர்ந்தார் என்பது வருந்தத்தக்கது.

நான்கு நாள் கழித்து மருத்துவர் ஒருவரின் மனைவிக்குச் சிம்சன் அம்மருந்தைக் கொடுத்தார். முன்பேற்றில் மூன்று நாள் துடித்துக் குழந்தையை இழந்தவள் அவள். இம்முறை உறங்கி எழுந்தவளிடம் குழந்தையைக் காட்டியபோது, அது தன்னுடையதென்றே அவள் நம்பவில்லை.

எதிர்ப்பு எழாமலிருக்குமா? பேறுகால வலி இயற்கை, அதை நீக்குவது தவறு என்றனர் மருத்துவர் பலர். நடப்பதும் இயற்கைதான், அதற்காக வண்டியில் ஏறாமலா இருக்கிறோம் என்று சிம்சன் திருப்பிக் கேட்டார். வேதத்தைக் காட்டித் தடுத்தவர்க்கு வேதத்திலிருந்தே விடையளித்தார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் இறைவன் அவனை ஆழ்ந்து உறங்கச் செய்ததை எடுத்துக் காட்டினார்.

ஆனால் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. 1848 ஜனவரியில், கால்நகம் எடுக்கக் குளோரோபாரம் பெற்ற பதினைந்து வயதுச் சிறுமி உயிரிழந்தாள். சிம்சனோ கைக்குட்டையில் மருந்தை ஊற்றி முகரச் செய்தவர். அளவறிந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா அரசியின் பேற்றுக்கு மருந்து கொடுத்தவரும் அவரே. அதன்பின் எதிர்ப்பு மெல்லத் தணிந்தது. 1870 மே 6ஆம் நாள் சிம்சன் மறைந்தார்.

இதயத்தைத் தாக்கும் குளோரோபாரத்தை இன்று மயக்க மருந்தாகப் பயன்படுத்துவதில்லை. முதுகுத் தண்டருகே செலுத்தும் ஊசி மருந்து வந்துவிட்டது. மருந்தொன்றே வழியுமன்று. முதுகை நீவிவிடுதல், வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி, விரும்பிய உறவினர் ஒருவர் உடனிருத்தல் ஆகியவற்றையும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்துள்ளது.

ஆயினும் என் அக்காள் பேறுகாலத்தில் அலறியபோது அவளுக்குக் கிடைத்தது ஊசியுமன்று, ஒத்தடமுமன்று, அதட்டல்தான். எல்லாப் பெண்களும் படுவதுதானே என்றார்கள். வெளியே நின்ற நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சிம்சனின் வாழ்வைப் படித்தபின்தான் வெட்கினேன்.

நண்பர்களே! நம்முள் மருத்துவராகப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். எல்லாரும் படும் வலி என்பதால் அது சிறிய வலியாகி விடாது. அலறல் கேட்டு ஓடிய மாணவன் திரும்பி வந்ததால்தான் ஒரு தாய் உறங்கி எழுந்து தன் குழந்தையைக் கண்டாள். அதை மறவாதீர்கள்.