ரோட்டோரம் வைத்தியம் பார்த்த ஐடா அம்மா



நம்ம ஊரில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் சென்னைக்குப் போவதா, வேலூருக்குப் போவதா என்றுதான் வீட்டில் பேசுவார்கள். வேலூர் என்றாலே சி.எம்.சி. ஆஸ்பத்திரிதான். அதை ஆரம்பித்தவர் ஒரு பெண் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர்.

இவர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். சோளிங்கர் வழியா வேலூர் போனவங்களுக்கு ராணிப்பேட்டை தெரிந்திருக்கும். அப்பா அமெரிக்க டாக்டர். தாத்தாவும் டாக்டர். ஆனால் ஐடாவுக்கு டாக்டர் ஆகவே இஷ்டம் இல்லை. சின்ன வயசில் தாது வருஷப் பஞ்சத்தில் குழந்தைகள் பட்டினி கிடந்ததைப் பார்த்தவர். இந்த ஊரே வேண்டாம் என்று அமெரிக்காவில் படித்துக்கொண்டு இருந்தார்.

1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். அப்போதுதான் அது நடந்தது. ஒரே ராத்திரியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு ஜாதி இந்து. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வலி, உயிருக்கு ஆபத்து. ஐடா வந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சினார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. ஆம்பளை டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் எங்க வயசிலேயே கல்யாணம் முடிச்சிடுவாங்க. அதை நினைத்தால் எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

ஐடா உடனே முடிவை மாற்றினார். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900ஆம் ஆண்டு வேலூர் வந்து ஒரு சின்ன அறையில் வைத்தியம் ஆரம்பித்தார். 1902இல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. அப்போ திருத்தணியும் வேலூரும் ஒரே வடஆற்காடு மாவட்டம்தான்.

ஆஸ்பத்திரி கட்டினால் மட்டும் போதவில்லை. கிராமத்து ஜனங்க வரவே மாட்டார்கள், வந்தாலும் முத்திப்போன பிறகுதான் வருவார்கள். அதனால் ஐடாவே கிளம்பிப் போனார். முதலில் மாட்டு வண்டி, 1909இல் இருந்து கார். குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் நிறுத்துவார்கள். முதல் தடவை காரைப் பார்த்து ஜனங்க பேய் என்று ஓடினார்களாம்! பிறகு கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள். கண் நோய், சொறி, ஆறாத கால் புண், தொழுநோய் எல்லாவற்றுக்கும் அங்கேயே மருந்து. டாக்டர் ஒருத்தர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? புண்ணைக் கழுவிக் கட்டு போட, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று புரியும்படி சொல்ல, நர்சு வேண்டும். அதற்கும் பெண்கள் கிடைப்பது கஷ்டம். படித்த பெண்களே குறைவு. ஊரார் புண்ணையும் சீழையும் தொடுகிற வேலைக்கு வீட்டில் யார் அனுப்புவார்கள்? இருந்தும் 1909இல் டெலியா ஹூட்டன் என்ற நர்சோடு சேர்ந்து நர்சிங் பள்ளி ஆரம்பித்தார்.

இதைப் படித்தபோது எங்க தெருவுக்கு வரும் அக்கா ஞாபகம் வந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து பி.பி.யும் சுகரும் பார்ப்பாங்க. எங்க ஆயா கையை நீட்டவே மாட்டாங்க. தலை சுத்தல் கூட இல்லை, எதுக்கு பாக்கணும் என்பாங்க. ஆனால் இரத்தக் கொதிப்பு இருக்கிற நிறைய பேருக்கு ஒன்றுமே தெரியாதாம். 120/80 என்பது நல்ல அளவு. 140/90க்கு மேலே பல தடவை வந்தால் அது நோய். விட்டுவிட்டால் இரத்தக் குழாய் கெட்டு பக்கவாதம், மாரடைப்பு வரும், சிறுநீரகமும் போகும். அந்த அக்கா இதையெல்லாம் பொறுமையாகத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் ஆயா கையைக் கொடுத்தாங்க. ஐடா ரோட்டில் அலைந்த காலத்தில் பி.பி. பார்ப்பதே புதுசு. ஸ்டெதஸ்கோப் வைத்து சத்தம் கேட்டு அளக்கும் முறையை ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப் 1905இல்தான் சொன்னார்.

1918இல் ஐடா பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் தேற மாட்டார்கள் என்று பெரிய அதிகாரிகளே நினைத்தார்கள். முதல் வருடத் தேர்வு எழுதிய 14 பேரும் பாஸ்! ஆண்களில் நிறைய பேர் பெயில். (பையன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உண்மை அதுதான்.) 1946இல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. 1947இல்தான் டாக்டர் படிப்பில் ஆண்களையும் சேர்த்தார்கள்.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயசான பிறகு கொடைக்கானலில் இருந்தார். 1960 மே மாதம் அங்கேயே இறந்தார், வயது 89. அதே வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதிதான் நம்ம திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்தது. வேலூர் நர்சிங் கல்லூரியில் படிக்கிற அக்காக்கள் இன்றைக்கும் பாடத்தின் ஒரு பகுதியாகக் கிராமங்களுக்குப் போய் வீடு வீடாகப் பார்க்கிறார்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி