புதிர்ப் புலவர் டார்க்கிமாடா

சிலேடை என்றதும் நமக்குக் காளமேகம் நினைவுக்கு வருவார். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கட்டிப்போட்ட மனிதர் அவர். ஏறக்குறைய அதே வித்தையை, நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் செய்தித்தாளின் கட்டங்களுக்குள் செய்துகாட்டிய ஒருவரின் வரலாற்றைச் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன். அவர் எட்வர்ட் போயிஸ் மேத்தர்ஸ்.

அவரிடம் எனக்கு ஏன் இத்துணைப் பற்று என்று கேட்பீர்கள். நான் பாறசாலைக்காரன். 1956 நவம்பர் 1-இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடு முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எங்கள் வீட்டுத் தமிழில் வெள்ளம் என்றால் குடிநீர். அவசரம் என்று ஒருவர் சொன்னால், அவர் விரைவைச் சொல்கிறாரா, மலையாள வழக்கில் வாய்ப்பைச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும். இதைக் கலப்படப் பேச்சு என்று நகைப்பவர் உண்டு. மேத்தர்ஸைப் படித்தபின் அந்த நகைப்பு என்னைச் சுடுவதில்லை. ஒரு சொல்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும் பழக்கம்தானே அவருக்குச் சோறு போட்டது!

மேத்தர்ஸ் 1892-இல் லண்டனில் பிறந்தார், ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். முதலில் அவர் மொழிபெயர்ப்பாளர். காசுமீரக் கவி பில்ஹணரின் காதற் செய்யுட்களை 1919-இல் ‘கருஞ்சாமந்தி’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலமாக்கினார். நம் பாரதிதாசன் ‘புரட்சிக்கவி’யில் எடுத்தாண்டது அதே பில்ஹணர் கதையைத்தான். மேத்தர்ஸின் அந்த ஆக்கத்தைப் பின்னாளில் ஜான் ஸ்டைன்பெக்கும் தம் நாவல் ஒன்றில் கையாண்டார்.

குறுக்கெழுத்து அவர் கண்டுபிடித்ததன்று. 1913 டிசம்பர் 21-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் அதைத் தொடங்கிவைத்தார். ஆனால் அதில் குறிப்பு வெறும் பொருள் விளக்கமாகவே இருந்தது. அகராதி தெரிந்தவன் முடித்துவிடுவான். மேத்தர்ஸ் குறிப்பையே பொறியாக்கினார். சொல்லைக் கலைத்தார், தலைகீழாக்கினார், ஒன்றினுள் ஒன்றை ஒளித்தார். நம் ஊர் முறையில் நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன்: பாறசாலையில் தாகம் தீர்க்கும், மதுரையில் ஊரை மூழ்கடிக்கும்; எழுத்து நான்கு. விடை மேலேயே கிடக்கிறது.

1926 முதல் ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழில் அவர் புதிர்கள் வந்தன. புனைபெயர் டார்க்கிமாடா: பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திய கொடியவரின் பெயர். வாசகரை வதைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? கறுப்புக் கட்டங்களை நீக்கித் தடித்த கோடுகளால் சொற்களைப் பிரித்தார். சொற்களைக் கட்டத்தில் அடுக்கித் தருவதில் மனைவி ரோசமண்ட் துணைநின்றார். துப்பறியும் நாவல்களுக்கு அதே இதழில் மதிப்புரையும் எழுதினார். அந்தப் பித்து முற்றி, 1934-இல் நூறு பக்கக் கொலைக்கதை ஒன்றைப் பக்கவரிசை குலைத்து அச்சிட்டு, ஒழுங்குபடுத்துங்கள் என்று வாசகரிடமே விட்டுவிட்டார்! 2019-இல் மறுபதிப்புக் கண்ட அந்நூல் இன்றைய இளைஞரையும் தூங்கவிடவில்லை.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். அவர் குறிப்புகள் பல நேர்மையானவை அல்ல. விடை தெரிந்த பிறகும் இது எப்படி வந்தது என்று திகைக்க நேரும். காளமேகத்தின் வெண்பாவிலோ, பொருள் விளங்கியபின் ஒவ்வொரு சொல்லும் இரு பக்கமும் பொருந்தி நிற்கும். புதிர் ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

1939 பிப்ரவரியில் மேத்தர்ஸ் மறைந்தார். வயது நாற்பத்தாறே. பின்வந்த மக்நட் என்னும் ஆசிரியர், சிமெனிஸ் என்று வேறொரு விசாரணையாளர் பெயரைச் சூடிக்கொண்டு, குறிப்புக்கு நேர்மை வேண்டும் என்று 1966-இல் நூலே எழுதினார். 1972-இல் அடுத்தவர் வந்தார். அவர் தேர்ந்ததும் விசாரணையாளர் பெயரே: டேசா. ஆனால் அதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, அசெட் என்று வைத்துக்கொண்டார்.