தமிழ்த் தூதர் தனிநாயகம் அடிகளார்

1940ஆம் ஆண்டு. ரோமாபுரியில் இறையியல் முனைவர் பட்டம் பெற்ற ஓர் இளம் கத்தோலிக்கக் குரு, தமிழ்நாட்டின் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் என்னும் ஊருக்கு வந்தார். அங்கிருந்த புனித தெரேசா உயர்நிலைப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணியேற்றார். இலத்தீன், இத்தாலியம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் தேர்ந்திருந்த அவருக்குச் சங்க இலக்கியம் புதியதாக இருந்தது. தாய்மொழியின் செல்வத்தை அறியாமல் இருப்பது குறை என உணர்ந்த அவர், அப்பள்ளியின் தமிழ்ப் பண்டிதரிடமே மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். அப்போது அவருக்கு வயது 27. பிற்காலத்தில் தமிழாய்வை உலக அரங்கில் ஏற்றிய தனிநாயகம் அடிகளாரின் தமிழ்ப் பயணம் இவ்வாறுதான் தொடங்கியது.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், இலங்கையின் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் கரம்பன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர். பின்னாளில் தம் முன்னோரின் பெயரான தனிநாயகம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்று, கொழும்பிலுள்ள குருமடத்தில் மெய்யியல் கற்றார். பின்னர் ரோமாபுரி சென்று இறையியல் பயின்றார். 1938ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பழங்கால வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பழைய ஏடுகளைத் தேடுவதும், சான்றுகளை ஒப்பிட்டு நோக்குவதும், சான்று இல்லாத எதையும் சொல்லாதிருப்பதும் அவர் அங்குக் கற்ற பாடங்கள். அவற்றைத்தான் பின்னர்த் தமிழுக்கும் பயன்படுத்தினார்.

வடக்கன்குளத்தில் மூண்ட ஆர்வம் அவரை 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் சென்றது. அங்குத் தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றபின், சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார். கிரேக்க, இலத்தீன் கவிஞர்கள் இயற்கையைப் பாடிய முறையோடு சங்கப் புலவர்கள் பாடிய முறையை ஒப்பிட்டார். நிலத்தை ஐந்து திணைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மனித உணர்வு ஒன்றோடு இணைத்த தமிழரின் இலக்கிய மரபு தனித்தன்மை உடையது என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

எனினும், இச்செய்தி தமிழ் அறிந்தவர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. அக்காலத்தில் மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தியப் பண்பாடு என்றால் பெரும்பாலும் சமற்கிருதமே பேசப்பட்டது. இந்நிலையை மாற்ற எண்ணிய அடிகளார், 1949ஆம் ஆண்டு முதல் மலாயா, ஜப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்க நாடுகள் எனப் பல இடங்களுக்குச் சென்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் வெறும் புகழுரை கூறவில்லை. திருக்குறள் காட்டும் சான்றோரையும், பழைய ரோமாபுரியின் ஸ்டோயிக் மெய்யியலார் போற்றிய அறிஞரையும் அருகருகே நிறுத்திக் காட்டினார். கணியன் பூங்குன்றனாரின் உலக ஒருமை உணர்வைப் பிற நாட்டுச் சிந்தனையாளர்களின் கருத்துகளோடு சேர்த்து விளக்கினார். கேட்போர் தாம் முன்பே அறிந்த ஒன்றிலிருந்து தமிழை நோக்கி நடந்து வர இம்முறை வழிவகுத்தது.

சொற்பொழிவு கேட்டவர் நெஞ்சில்தான் நிற்கும். அச்சில் ஏறினால்தான் உலகைச் சுற்றும். இதை உணர்ந்த அடிகளார் 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் தெரியாத அறிஞர்களும் தமிழாய்வைப் படிக்க அவ்விதழ் வாயிலாயிற்று. அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டபோது, தமிழரின் மொழியுரிமைக்காக மேடைகளில் துணிந்து பேசினார்.

ஐரோப்பா செல்லும்போதெல்லாம் அடிகளார் நூலகங்களைத் துருவினார். போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் 1554ஆம் ஆண்டு, உரோமன் எழுத்துகளில் தமிழ்ச் சொற்களைக் கொண்டு அச்சான சமயக் கையேட்டைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பற்றியும் எழுதினார். 1679இல் வெளிவந்த, அந்தாம் தெ புரோவென்சா என்னும் பாதிரியாரின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. 16,000க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்ட அந்த அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்.

மலாயாவோடு அடிகளாருக்கு ஏற்பட்ட உறவு தனிச்சிறப்பு உடையது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைய இருந்த 1950களில், அங்கு எந்த மொழிக்கு முதலிடம் என்னும் கேள்வி எழுந்தது. தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. சாமானியத் தமிழர்களும் தங்களால் இயன்ற சிறு தொகையை வழங்கினர். ஜாசின், மெர்லிமாவ் போன்ற வட்டாரங்களின் இரப்பர் தோட்டங்களில் அன்று தமிழ்க்கல்வி தொடக்கப்பள்ளியோடு நின்றுவிட்டது. அத்தகைய நாட்டில் பல்கலைக்கழகத் தமிழ் என்பது எளிய மக்களின் பெருங்கனவாக இருந்தது. 1961இல் அத்துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற அடிகளார், அக்கனவுக்கு உரமூட்டினார். 1969 வரை அங்குப் பணியாற்றித் தமிழாய்வை வளர்த்தார்.

1964ஆம் ஆண்டு ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்களின் அனைத்துலக மாநாடு நடைபெற்றது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளர்களை ஒன்றுகூட்டி, ஜனவரி 7ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக அடிகளார் முன்னின்றார். வ. அய். சுப்பிரமணியம் அவருக்குத் தோள்கொடுத்தார். பிரான்சு நாட்டு அறிஞர் ஃபிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலெபிலும் செயலாளர்களாயினர்.

மன்றத்தின் முதல் மாநாட்டைத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ அன்றி, மலேசியாவில் நடத்தினார் அடிகளார். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்த அம்மாநாட்டைப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பேராளர்கள் வந்தனர். மொழி, இலக்கியம், வரலாறு, கலை, சமயம் எனப் பல துறைகளில் கட்டுரைகள் படிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டன. தமிழரல்லாத அறிஞர்கள் தமிழை ஆராய்ந்து பேசியது மலேசியத் தமிழருக்குப் புதிய தன்னம்பிக்கையை அளித்தது.

தொடர்ந்து 1968இல் சென்னையிலும் 1970இல் பாரிசிலும் மாநாடுகள் நடைபெற்றன. 1974இல் நான்காம் மாநாடு அவர் பிறந்த மண்ணாகிய யாழ்ப்பாணத்தில் கூடியது. அதன் நிறைவாக ஜனவரி 10ஆம் நாள் நடந்த பொதுக்கூட்டத்தில் காவல்துறையின் தலையீட்டால் குழப்பம் மூண்டு, கூட்டத்தில் இருந்தோர் சிலர் உயிரிழந்தனர். சொந்த மண்ணில் நேர்ந்த இத்துயரத்துக்குப் பின்னும் அடிகளார் ஆய்வைக் கைவிடவில்லை. 1980ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணத்தில், தமிழாய்வு கடந்து வந்த வழியையும் இனிச் செல்ல வேண்டிய திசையையும் குறித்து நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் காலமானார்.

அடிகளார் சமயத்தால் கத்தோலிக்கக் குரு. ஆனால் சைவரும் வைணவரும் சமணரும் பௌத்தரும் இசுலாமியரும் சேர்ந்து வளர்த்த மொழி தமிழ் என்பதை மறவாதவர். ஒரு சமயத்தின் மெய்யியலைக் கற்ற பயிற்சி, பிற மரபுகளை மதித்துக் கற்க அவருக்குத் துணை நின்றது. அவர் தொடங்கிய உலகத் தமிழ் மாநாடு 1987இலும் 2015இலும் மீண்டும் கோலாலம்பூருக்கே வந்தது. 27ஆம் வயதில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் கற்கத் தொடங்கியவர் இட்ட விதை அது. தாய்மொழியைக் கற்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எண்ணுவோருக்கு அவர் வாழ்க்கையே விடை.