இசை டீச்சருக்கு யார் சொல்லித் தருவது? பேராசிரியர் சாம்பமூர்த்தி தேடிய விடை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறவரை முதல் நாளே லைனில் நிற்க விடமாட்டார்கள். முதலில் டிரெய்னிங், அப்புறம்தான் மெஷின். அதே ஊரில் ப்ளஸ் டூ மாணவர்களுக்கு இசை சொல்லித்தர வருபவரிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்? நல்லா பாடினால் போதும் என்றுதானே?

பாடத் தெரிவது வேறு, பாடம் நடத்தத் தெரிவது வேறு. இந்த வித்தியாசத்தைச் சீரியஸாக எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி.

யார் இவர்?

1901-ல் பிறந்தவர். சொந்த ஊர் இன்றைய ஆந்திராவில் இருக்கும் பிட்ரகுண்டா. சட்டம் படித்துப் பட்டமும் வாங்கினார். ஆனால் மனசு முழுக்க இசைதான். 1928-ல் சென்னை ராணி மேரி கல்லூரியில் இசை விரிவுரையாளர் ஆனார்.

அந்தக் காலகட்டம் முக்கியமானது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாகப் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. ஒரு பக்கம் சபா மேடை வளர, இன்னொரு பக்கம் இசை கல்லூரிக்குள் நுழைந்தது.

சிக்கல் எங்கே?

குருகுலத்தில் சிஷ்யர் குருவின் வீட்டிலேயே வருஷக்கணக்கில் இருப்பார். கேட்டுக் கேட்டே பாட்டு மனசில் ஏறும். வகுப்பறையில் அப்படி முடியாது. மணி அடித்தால் பீரியட் முடிந்தது. எதிரே பல மாணவர்கள், ஒவ்வொருவர் குரலும் ஒரு மாதிரி. ஒருத்தருக்குச் சரியான சுருதி பக்கத்தில் இருப்பவருக்கு எட்டாது. கடைசியில் பரீட்சை, மார்க் வேறு. கச்சேரியில் கைத்தட்டல் வாங்கும் வித்வானுக்குக்கூட இது புது வேலைதான்.

இதை உணர்ந்தவர் சாம்பமூர்த்தி மட்டுமல்ல. 1931-ல் மியூசிக் அகாடமி இசை ஆசிரியர்களுக்கென்றே தனிக் கல்லூரி தொடங்கியது. முதல் முதல்வர் டைகர் வரதாச்சாரியார். அதே ஆண்டு சாம்பமூர்த்தி ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போய் மேற்கத்திய இசையும் ஒப்பீட்டு இசையியலும் படித்தார்.

என்ன செய்தார்?

சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். வாய்வழியாக மட்டும் வந்த அறிவைப் படிப்படியான பாடமாக மாற்றினார். ஆறு பாகங்களாக வந்த ‘சவுத் இண்டியன் மியூசிக்’ அப்படி உருவானதுதான். ஆரம்ப மாணவருக்கு முதல் பாகம், போகப்போகக் கனமான விஷயங்கள். ராக லட்சணம், தாளம், இசைக்கருவிகள், வாக்கேயக்காரர்களின் வாழ்க்கை எல்லாம் அதில் உண்டு. தென்னிந்திய இசைக்கு ஓர் அகராதியும் தொகுத்தார்.

மாணவருக்குப் புத்தகம் சரி, டீச்சருக்கு? அதற்காகவே ‘தி டீச்சிங் ஆஃப் மியூசிக்’ என்று தனிப் புத்தகம் எழுதினார். இசை ஆசிரியர் பணியும் பயிற்சி தேவைப்படும் ஒரு தொழில் என்பதுதான் அதன் அடிப்படை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இசை விஷயத்தில் இந்தக் கேள்வி இன்றும் உண்டு. ராக லட்சணத்தை மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கு அந்த ராகத்தைப் பாட வராமல் போகலாம். அது நியாயமான கவலைதான். ஆனால் குருவின் வீட்டில் தங்கிப் படிக்க வாய்ப்பே இல்லாத பிள்ளைகளுக்கு, வகுப்பறைதான் இசைக்கான ஒரே வாசல். அந்த வாசலில் நிற்பவர் டீச்சர்.

1971-ல் பத்மபூஷண், 1972-ல் சங்கீத கலாநிதி. கச்சேரி மேடையில் பேர் வாங்கியவர்களுக்கே பெரும்பாலும் கிடைத்த கலாநிதி பட்டம், ஒரு வாத்தியாருக்கும் கிடைத்தது. 1973-ல் சாம்பமூர்த்தி காலமானார்.

இன்று சிபிஎஸ்இ பள்ளிகளில் 11, 12-ம் வகுப்புக்குக் கர்நாடக இசை ஒரு விருப்பப் பாடம். உங்கள் ஏரியா ஸ்கூலில் இசை டீச்சர் இருந்தால், அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாக அவருக்குப் பயிற்சி கொடுத்தது எப்போது?